அட்ஜஸ்ட் பண்ணிய ஏழு வருஷம்

விழுப்புரம் தனி மாவட்டமான புதிதில் அங்கே ஓர் அலுவலகத்தில் எனக்குத் தட்டச்சர் வேலை. வீடு திண்டிவனத்தில். காலை பாசஞ்சரில் மூன்று பேர் உட்காரும் பலகைக்கு நான்காவதாக ஒருத்தி வந்து நிற்பாள். "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்கக்கா." நகர்வோம். விக்கிரவாண்டி வந்ததும் உட்கார்ந்திருப்பவர்கள் எழுந்து, நின்றுகொண்டு வந்தவர்களுக்கு இடம் விட வேண்டும். சீசன் டிக்கெட்காரர்களின் எழுதாத சட்டம் அது. பாதி வழி இடுப்பு வலி, மீதி வழி கால் வலி.

நான் கிளம்பும்போது என் நான்கு வயது மகள் தூங்கிக்கொண்டிருப்பாள். திரும்பும்போது பக்கத்து வீட்டில் சாப்பிட்டு முடித்திருப்பாள். அவள் அப்பாவுக்கு வெளியூரில் வேலை. எனக்கு வேண்டியதெல்லாம் திண்டிவனத்துக்கு ஒரு மாறுதல். வருஷா வருஷம் மனு கொடுப்பேன். மேலாளர் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார்.

"இந்த ஒரு வருஷம் அட்ஜஸ்ட் பண்ணிக்கினு போங்கம்மா."

கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், ஒரு மதியம் நூலகத்தில் தடித்த ஆங்கில அகராதியை எடுத்து அந்தச் சொல்லைப் பார்த்தேன். பிரெஞ்சு வழியாக வந்ததாம். அதற்கும் முன்னால் லத்தீன். மூலப்பொருள், அருகில் கொண்டுவருவது. நியாயத்தைக் குறிக்கும் 'ஜஸ்ட்'டுக்கும் அதற்கும் பிறவியில் உறவே இல்லை. பிறகு வந்து ஒட்டிக்கொண்டதுதான். எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

ஆறாவது மனுவில் அதையே தட்டச்சு செய்தேன். 'தாங்கள் ஆண்டுதோறும் எனக்குச் சொல்லும் சொல்லின் மூலப்பொருள் அருகில் கொண்டுவருதல் ஆகும். எனவே என்னை என் மகளுக்கு அருகில் அட்ஜஸ்ட் செய்யுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.' மூன்று நகல். அலுவலகமே ஒரு வாரம் அதைப் படித்துப் படித்துச் சிரித்தது. மேலாளர் மட்டும் சிரிக்கவில்லை. மனுவில் தேவையற்ற விளக்கங்களைத் தவிர்க்கவும் என்று ஒரு மெமோ கொடுத்தார்.

மறு வருஷம் திண்டிவனத்தில் ஒருவர் ஓய்வு பெற்றார். மாறுதல் கிடைத்தது. அதற்கும் லத்தீனுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

முதல் திங்கட்கிழமை. பிடிக்க வேண்டிய ரயில் இல்லை. எட்டு மணிக்கு நான் வீட்டில் இருந்தேன். நாற்காலியைப் போட்டு, உள்ளங்கையில் எண்ணெய் ஊற்றிக்கொண்டு மகளைக் கூப்பிட்டேன். அவளுக்குப் பதினோரு வயது. கண்ணாடி முன்னால் ரிப்பனைப் பல்லில் கடித்தபடி நின்றாள். விரல்கள் பின்னால் போய்ப் பார்க்காமலே பின்னிக்கொண்டிருந்தன.

"வாடி, நான் பின்னி வுடறேன்."

ரிப்பனைக் கையில் எடுத்துக்கொண்டு திரும்பினாள். "வேணாம்மா, எனக்குப் பழகிடுச்சு. நீ ஒக்காந்து ரெஸ்ட் எடு."

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசித் தீர்த்திருப்பேன். அவள் பிரியமாகத்தான் சொன்னாள். கையிலிருந்த எண்ணெயை என் தலையிலேயே தடவிக்கொண்டேன்.