வெருகலில் விட்ட மீசை

இருபத்திரண்டு வயதில், நல்ல தேகசுகத்தோடு, ஆற்றின் நடுவில் சைக்கிளை விட்டு இறங்க மாட்டேன் என்று அடம்பிடித்து, அதனால் கால் வழங்காதவன் என்று இரங்கப்பட்டு, அந்த இரக்கத்தில் கிடைத்த வாழைப்பழத்தையும் வெட்கமில்லாமல் தின்றவன் நான். போன கிழமை கிண்ணியாப் பாலத்தால் பஸ்ஸில் போனபோது யன்னலால் உப்புச்சேற்று மணம் வந்தது. அதை ஒருமுறை இழுத்து முடிப்பதற்குள் பாலம் முடிந்துவிட்டது. மணம் மட்டும் என்னோடு வீடுவரை வந்து, இதை எழுதடா என்கிறது.

அப்போது அங்கே பாலம் இல்லை, பாதைதான். எங்கள் பக்கத்தில் பாதை என்றால் மிதக்கும் பலகைத் தட்டு. பஸ், மாடு, மனிதர் எல்லாரையும் ஏற்றி, கம்பியைப் பிடித்து இழுத்து அக்கரை சேர்ப்பார்கள். திருகோணமலையிலிருந்து வெருகலுக்குப் போவதென்றால் இப்படிப் பல பாதைகள்.

நான் ஒரு கந்தோரில் புதுக் கிளாக்கர். சொத்து இரண்டு: ஒரு சைக்கிள், ஒரு மீசை. இரண்டோடும் என்னை ஸ்ரூடியோவில் நிறுத்திப் படம் எடுத்து, நிலாவெளியில் ஒரு வீட்டுக்கு அனுப்பியிருந்தார் அம்மா. அடுத்த ஞாயிறு பெண் பார்க்கும் ஏற்பாடு. மீசையை எடுத்துவிட்டால் என் முகத்தில் பார்ப்பதற்கு அதிகம் மிஞ்சாது என்பதை நான் கண்ணாடியில் விரலால் மறைத்துப் பார்த்தே அறிந்திருந்தேன்.

இருந்தும் வாய் சும்மா இருக்கவில்லை. எந்த ஏற்றமானாலும், எந்தப் பாதையானாலும் சைக்கிளால் இறங்காமலே போவேன் என்று கந்தோரில் அளந்துவிட்டேன். பக்கத்து மேசை நசார் கிண்ணியாக்காரன். பேனையை மூடி வைத்தான்.

“அப்ப வெருகல் கோயில் வாசல்வரை ஓடு மச்சான். இடையில இறங்கினா மீசையை எடுக்கோணும்.”

“தேத்தண்ணிக்கும் மற்ற அலுவலுக்கும்?”

“அதுக்கு இறங்கு. நானும் மனிசன்தானே.”

பெண் பார்க்கப் போவதற்கு முதல்நாள், சனிக்கிழமை விடியப் புறப்பட்டோம். சீனக்குடாப் பக்கத்து ஏற்றத்தில் ஒரு எருமை என்னை முந்தியது. முந்திவிட்டுத் திரும்பியும் பார்த்தது. ஆனால் அந்த இறக்கம் இருக்கிறதே! ஒரு வளைவில் துறைமுகம் முழுவதும் நீலமாக விரிந்தது. சட்டைக்குள் காற்றுப் புகுந்து நான் பாய்மரக் கப்பலானேன். பின்னால் நசார் தொண்டை கிழியப் பாடிக்கொண்டு வந்தான். அதற்குப் பிறகு எந்த வாகனத்திலும் நான் அவ்வளவு வேகமாகப் போனதில்லை.

கிண்ணியாப் பாதையில், கம்பித் தடுப்பைப் பிடித்தபடி ஆசனத்திலேயே இருந்தேன்.

“தம்பி, இறங்குங்க. பாதையில ஏறி இருக்க ஏலாது” என்றார் பாதைக்காரர்.

“நான் பாதையில இல்லை அண்ணே, சைக்கிளில இருக்கிறன்.”

“சைக்கிள் எதில நிக்குது? வானத்திலயோ?”

கோழிக்கூடையோடு நின்ற ஒரு உம்மா குறுக்கிட்டார். “விடுங்க தம்பி. அந்தப் புள்ளைக்குக் கால் வழங்காதாக்கும்.”

பாதை முழுவதும் உச்சுக்கொட்டியது. இரண்டு பேர் சைக்கிளைப் பிடித்துக்கொண்டார்கள். உம்மா வாழைப்பழம் உரித்துத் தந்தார். நசார் மறுபக்கம் திரும்பித் தோள் குலுங்க நின்றான். அவன் அழுவதாக எல்லாரும் நினைத்தார்கள். அக்கரையில் நான் பெடலை மிதித்துப் பறந்தபோது பின்னால் ஒரு கூக்குரல்: “அடேய், கால் வழங்குதுடா!”

மற்றப் பாதைகளையும் இப்படியே கடந்தேன். பின்னேரம், மூதூர் கழிந்து, மணலும் காடுமாகக் கிடந்த றோட்டில் ஒரு வளைவு திரும்பினேன். மரங்களுக்கு மேலே வெருகல் முருகன் கோயில் தெரிந்தது. திருவிழாக் காலம், மேளம் கேட்டது. ஞாயிறு வெல்லப்பட்டுவிட்டது என்று நெஞ்சு நிறைந்தது.

முருகன் கோயில் கண்ணில் பட்டால் சைக்கிளால் இறங்கி, செருப்பைக் கழற்றிக் கும்பிட்டுவிட்டுத்தான் போகவேண்டும். அம்மா பழக்கிய பழக்கம். அது மூளையைக் கேட்டு நடப்பதில்லை. வெறுங்காலோடு மணலில் நின்று, “முருகா, மீசையைக் காப்பாற்றினாய்” என்று கைகூப்பினேன். கண்ணைத் திறந்தபோது நசார் சைக்கிளில் என்னைச் சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தான்.

“ரெண்டு காலும் கீழ மச்சான்! வாசல் இன்னும் அங்க கிடக்கு. உன்ட முருகனை நம்பித்தான் வெருகல் எண்டு சொன்னனான்.”

கோயிலடியில் நேர்த்திக்கு மொட்டை அடிக்கும் நாவிதர் என் தலையை நனைக்க வந்தார். மீசை மட்டும் என்றதும் கத்தி அந்தரத்தில் நின்றது. “இப்பிடியொரு நேர்த்தியை இண்டைக்குத்தான் காணுறன்” என்றார்.

விடியற்காலை பஸ்ஸில் சைக்கிளையும் ஏற்றித் திரும்பி, ஞாயிறு பின்னேரம் மேலுதட்டில் காற்றுப்பட நிலாவெளிக்குப் போனேன். அம்மா காரில், நான் சைக்கிளில். அம்மா என்னோடு கதைப்பதை நிறுத்தியிருந்தார். பெண் தேநீர்த் தட்டோடு வந்தாள், என்னை ஒருதரம் பார்த்தாள், விறுக்கென்று உள்ளே போய்விட்டாள். முடிந்தது என்று நினைத்தேன். மறுநாள் ஓம் என்று பதில் வந்தது.

இன்றைக்குப் பாதைகளும் இல்லை, கம்பி இழுத்தவர்களும் இல்லை. நசார் எங்கோ வெளிநாட்டில் மகன் வீட்டில். சைக்கிள் ஒரு இடப்பெயர்வில், யாரோ வீட்டு மதிலோடு சாய்ந்தபடி நின்றுபோயிற்று. மீசை திரும்பி வந்தது, இப்போது வெள்ளை.

கலியாணம் முடிந்து ஒரு மாதத்தில் மனைவியிடம் துணிந்து கேட்டேன், மீசை இல்லாததைக் கண்டுதானா அன்றைக்கு உள்ளே ஓடினீர் என்று. அவள் யோசித்துப் பார்த்தாள்.

“படத்தில மீசை இருந்ததோ? நான் குசினி யன்னலால சைக்கிளும் வந்திருக்கோ எண்டு பாக்கத்தான் போனனான்.”