நாற்பத்தெட்டு நாள் பத்தியம்

என் கையெழுத்து கோணலாக இருக்கும், எழுத்துப் பிழையும் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். படிப்பவர்கள் மன்னிக்க வேண்டும். வாயால் சொல்ல எனக்கு வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

என் மகள் இந்த வருடம் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தாள். அவளோடு படித்தவர்கள் டைப்ரைட்டிங் கற்றுக்கொள்ளப் போனார்கள். இவளுக்கோ ஜனங்களோடு பழகுகிற வேலைதான் வேண்டும். சிங்கப்பெருமாள் கோவிலில் அவள் சித்தி வீட்டில் தங்கி, அங்கே பால்வாடியில் பத்து நாள் கூடமாட இருந்து பார்த்தாள். "பசங்க நல்லாத்தான் கீதுங்க. எனக்குத்தான் அது பத்தலப்பா" என்று திரும்பி வந்தாள். பிறகு எங்கள் கிராம நர்சம்மாவிடம் கேட்டு, அவரோடு வீடு வீடாகப் போனாள். பிடித்திருந்தால் நர்ஸ் பயிற்சிக்கு விண்ணப்பம் போடலாம் என்று ஏற்பாடு.

ஒரகடத்தைச் சுற்றி ஓர் ஊருக்கும் அடுத்த ஊருக்கும் நடுவில் ஏரியும் கரம்பும்தான். வயல் வேலை இல்லாத நாட்களில் நானும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பின்னால் போவேன். அவர்கள் உள்ளே பெண்களிடம் பேசுவார்கள். நான் வேலி ஓரம் நிற்பேன். அந்நிய வீட்டுக்குள் நுழைந்து ஒரு வார்த்தை கேட்க எனக்கு நாக்கு எழாது.

அவள் பால்வாடியில் இருந்தபோது எங்கள் தெருவில் ஒன்று நடந்திருந்தது. ஒரு செவலை நாய் வாய் ஒழுக ஓடி வந்து எதிர்வீட்டுக் கன்றுக்குட்டியைக் கடித்தது. தடுக்க வந்த அந்த வீட்டு அம்மாவின் கெண்டைக்காலையும் கடித்தது. நாங்கள் நாலு பேர் அதை அடித்துக் கொன்றோம். ஏரிக்கரையில் புதைத்தவன் நான். அதன் கண்ணைப் பார்த்தவனும் நான்.

அன்றே அந்த அம்மாவைப் படப்பைக்கு அந்தப் பக்கம் நாய்க்கடிக்குக் காலில் வேர் கட்டுகிறவரிடம் கூட்டிப்போனார்கள். நாற்பத்தெட்டு நாள் பத்தியம். உப்பு கூடாது, மீன் கூடாது, உடம்பில் ஊசி படக் கூடாது. அதுவரை கடித்த பேச்சை வெளியே எடுக்கவே கூடாது, எடுத்தால் கட்டு முறிந்துவிடும் என்று சொல்லி அனுப்பினார். தெரு முழுக்க அதைக் காப்பாற்றியது. 'நாய்' என்ற சொல்லையே எவரும் வாயில் எடுக்கவில்லை.

நர்சம்மாவோடு போன முதல் வாரமே என் மகள் அந்தக் கட்டைப் பார்த்துவிட்டாள். வெளியே வந்து என்னிடம் கேட்டாள்.

"அத்த காலுல இன்னாப்பா காயம்? கம்பி கீச்சிட்ச்சுன்றாங்க."

"ஆமா. கம்பிதான்."

அவள் என்னை நம்பி நோட்டில் அப்படியே எழுதிக்கொண்டாள். நர்சம்மா கம்பி கீறியதற்கான ஊசி போட வந்தபோது, காய்ச்சல் என்று சொல்லி அந்த அம்மா கதவைச் சாத்திக்கொண்டார். அதையும் நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இருபதாம் நாள் கன்றுக்குட்டி கத்த ஆரம்பித்தது. தொண்டை கட்டிய குரலில் ஓயாமல் கத்தியது. தலையைக் கம்பத்தில் முட்டிக்கொண்டது. வாயிலிருந்து கயிறு கயிறாக எச்சில் வடிந்தது. மூன்றாம் நாள் காலையில் செத்துக் கிடந்தது. திருஷ்டி என்றார்கள். நான் வீட்டுக்கு வந்து மகளைக் கொல்லைப்பக்கம் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். நேராக எதிர்வீட்டுக்குப் போனாள்.

"அத்த, கெளம்பு. ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

"இன்னாடி, பரீட்ச எழுதின மை காயல, அதுக்குள்ள டாக்டரம்மா ஆயிட்டியா? இன்னும் இருபத்தஞ்சு நாளு கீது. கட்டு முறிஞ்சா நீயா வந்து என்னத் தூக்குவ?"

"கன்னுக்குட்டியும் உன்னோடதான் கடிபட்டுச்சு அத்த."

"அதுக்கு வேர் கட்டல. எனக்குக் கட்டிகீது."

"சரி, கட்டு இருக்கட்டும். கயித்த அவுக்க வாணாம். கட்டு காலுல, ஊசி வயித்துலதான. உப்பு, மீன் பத்தியத்தையும் விடாத. ஒரே ஒரு வாட்டி சைக்கிள்ல குந்து."

எதிர்வீட்டம்மா சிரித்துவிட்டார். "வாயாடி" என்றார். அந்தச் சிரிப்பில்தான் எழுந்தார். நான் சைக்கிளை மிதித்தேன், மகள் கூடவே ஓடி வந்தாள். தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி. தினம் ஒன்று. பதினாலு நாளும் அப்படியே போனோம்.

கடைசி நாள் நர்சம்மா என்னைத் தனியாக நிறுத்தினார். "ரொம்ப லேட்டுய்யா. அன்னிக்கே சொல்லியிருந்தா நான் பயப்பட மாட்டேன். பொங்கல் வரைக்கும் தினமும் பாத்துக்கோங்க. தண்ணி குடிக்கறாங்களான்னு பாருங்க. தண்ணியக் கண்டு முகத்தத் திருப்பினா எனக்கு ஆள் அனுப்புங்க." அனுப்பினால் என்ன செய்வார் என்று நான் கேட்கவில்லை.

அதிலிருந்து தினம் காலையில் என் மகள் ஒரு டம்ளர் தண்ணீரோடு எதிர்வீட்டுக்குப் போனாள். ஊர்க்கதை பேசிக்கொண்டே அவர் குடிக்கிறாரா என்று பார்ப்பாள். நான் எங்கள் வாசலில் நின்று அவள் முகத்தைப் பார்ப்பேன். அவள் சும்மா தலையை ஆட்டினால் அன்றைய பொழுது போகும்.

போன வாரம் பயிற்சிக்கு அழைப்புக் கடிதம் வந்தது. பெட்டியைக் கட்டாமல் உட்கார்ந்திருந்தாள்.

"நான் போய்ட்டா அத்தைய யாருப்பா பாக்கறது?"

"நான் பாக்கறேன்."

"வேலியாண்ட நின்னா தெரியாது. உள்ள போவணும். உன்னால முடியுமா?"

முடியும் என்றேன். நேற்று பஸ் ஏற்றிவிட்டு வந்தேன்.

இன்று காலை டம்ளரை எடுத்துக்கொண்டு தெருவைக் கடந்தேன். பாதித் தண்ணீர் வழியிலேயே சிந்திவிட்டது. எதிர்வீட்டம்மா அடுப்படியில் இருந்தார்.

"இன்னாண்ணே, அதிசயமா உள்ள வர்ற?"

"தண்ணி குடிம்மா."

என் முகத்தையே பார்த்தார். சிரிக்கவில்லை. தினமும் தண்ணீர் எதற்கு என்று அவருக்கும் தெரிந்திருக்கிறது என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. டம்ளரை வாங்கினார். "மழையில நனஞ்சிட்டேன். தொண்ட ஒரு மாதிரி கீது" என்றார். கண்ணை மூடிக்கொண்டு, நிதானமாக, கடைசிச் சொட்டு வரை குடித்தார்.

நாளைக்கும் போக வேண்டும்.

12-10-1991