கோட்டை மலைக்குப் போகிற வழியெல்லாம் சொந்தக்காரர்கள்

வாடகை வண்டி ஓட்டுகிறவளுக்கு மேடு பள்ளம், லாரி, டோல்கேட் எல்லாம் ஒரு பொருட்டே இல்லை. பயணியின் சொந்தக்காரர் வீடு வழியில் இருந்தால்தான் பயம்.

உங்களுக்குச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. உங்கள் வீட்டிலும் ஜெர்மனியிலோ துபாயிலோ ஒருவர் இருப்பார். லீவில் வருவதற்கு ஆறு மாதம் முன்பே, இந்தத் தடவை ஊரையெல்லாம் நன்றாகச் சுற்றிப் பார்க்கப் போகிறோம் என்பார். திரும்பிப் போகும்போது பார்த்திருப்பதெல்லாம் அத்தை வீட்டு ஹால், பெரியப்பா வீட்டு ஹால், மாமா புதிதாகக் கட்டிய ஹால். நான் மத்திகிரிக்காரி. ஓசூரில் ஒரு கம்பெனியில் ஒயர் கட்டும் லைனில் பல வருடம் நின்றே வேலை பார்த்தேன். உட்கார்ந்து செய்கிற வேலை ஏதாவது வேண்டுமென்று காலே கெஞ்சியதால் ஏழு பேர் போகிற வண்டி ஒன்றை எடுத்தேன். இப்போது எத்தனையோ ஹால்களின் வாசலில் உட்கார்ந்திருக்கிறேன். அதில் ஒரு குடும்பத்தின் கதை மட்டும் இங்கே.

பூட்டியிருக்கா?

பெங்களூர் ஏர்போர்ட்டில் முரளி சார் என்னைத் தாண்டி டிரைவரைத் தேடினார். நான்தான் என்றதும் சீட் பெல்ட்டை மூன்று முறை இழுத்துப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். ஓசூர்க்காரர், ஜெர்மனியில் என்ஜினியர். மனைவி கௌசல்யாவுக்குக் கிருஷ்ணகிரி. மகள் தியாவுக்குப் பத்து வயது. எலக்ட்ரானிக் சிட்டி தாண்டுவதற்குள் சார் தன் திட்டத்தை ஒப்பித்து முடித்தார். தொரப்பள்ளி, தளி, கெலவரப்பள்ளி அணை, ஒகேனக்கல் என்று நான் தூங்கக்கூட இடம் விடாத திட்டம்.

அத்திப்பள்ளி தாண்டியதும் கௌசல்யா மெதுவாக, தனக்கு இதெல்லாம் வேண்டாம், கிருஷ்ணகிரிக் கோட்டை மலையில் ஒரு தடவை ஏற வேண்டும், அது போதும் என்றாள். அவள் படித்த வகுப்பின் ஜன்னல் முழுக்க அந்த மலைதானாம். பையன்கள் கட்டடித்துவிட்டு ஏறுவார்கள், பெண் பிள்ளைகளுக்கு மட்டும் அங்கே என்ன வேலை என்பார்களாம். கல்யாணமாகி ஜெர்மனி போன பிறகு சனி ஞாயிறானால் அங்கே இருக்கிற கோட்டையெல்லாம் டிக்கெட் வாங்கி ஏறியிருக்கிறாள். உங்கள் ஊரில் கோட்டை உண்டா என்று பக்கத்து வீட்டம்மா கேட்டபோது உண்டு என்றாளாம். மேலே எப்படி இருக்கும் என்று அடுத்ததாகக் கேட்டதும் பேச்சை மாற்றிவிட்டாளாம். முன்னால் வந்த லீவு எல்லாம் சொந்தக்காரர் வீட்டிலேயே தீர்ந்துவிட்டது, இந்த முறையும் ஏறாமல் போனால் மனசு ஆறாது என்றாள். பின் சீட்டிலிருந்து தியா என் தோளைத் தட்டினாள்.

"அம்மா அங்க எல்லாக் கோட்டையும் ஏறிட்டாங்க. அவங்க ஊர்க் கோட்டைக்கு மட்டும் போனதில்ல. ஏன் ஆன்ட்டி, அது பூட்டியிருக்கா?"

வீடு எங்கும் போகாது

முதலில் தொரப்பள்ளி. அங்கே பெரிய தலைவர் ஒருவர் பிறந்த வீட்டை நினைவில்லமாக வைத்திருக்கிறார்கள். மகளுக்குச் சரித்திரம் காட்டுவது என்று சார் முடிவு செய்திருந்தார். ஊருக்குள் நுழைகிற இடத்தில் எதிரே ஒரு டிராக்டர். வழி விடுவதற்காக நான் ஒதுங்க, டிராக்டரில் இருந்த பெரியவர் எங்கள் ஜன்னலுக்குள் உற்றுப் பார்த்தார். முரளி சாரின் மூக்கைப் பார்த்தே இது எங்கள் அக்கா வழி மூக்கு என்று கண்டுபிடித்துவிட்டார். சாருக்கு மாமா முறை. டிராக்டர் அங்கேயே திரும்பியது, நாங்கள் அதன் பின்னால் போனோம்.

மாமா சரித்திரத்தில் எதையும் விடவில்லை. போர்வெல் போட்ட சரித்திரம், முதல் போர்வெல் பொய்த்த சரித்திரம், தக்காளி விலை விழுந்த சரித்திரம். களியும் கீரைக்குழம்பும் சாப்பிட்டோம், மாட்டுக்கொட்டகை பார்த்தோம், அவர் மகன் கட்டுகிற வீட்டின் அஸ்திவாரத்தைச் சுற்றி நடந்தோம். நினைவில்லம் வாசலுக்கு நாங்கள் வந்து சேர்ந்தபோது பார்வை நேரம் முடிந்திருந்தது. சாரின் முகம் தொங்கிப்போனது. வழியனுப்ப வண்டியிலேயே ஏறி வந்திருந்த மாமா ஆறுதல் சொன்னார்.

"அந்த வூடு எங்கியும் போவாது கண்ணு. நாந்தான் போயிருவேன். என்னையப் பாத்துட்டீங்க இல்ல, போதும்."

குளிர்

மறுநாள் தளி. வெள்ளைக்காரர்கள் அந்த நாளிலேயே இதைச் சின்ன இங்கிலாந்து என்றார்கள் என்று சார் வழி நெடுக மகளுக்குச் சொல்லிக்கொண்டே வந்தார். ரோஜா வளர்க்கிற பாலித்தீன் கூடாரங்களைத் தாண்டி ஒரு ஏரிக்கரையில் நிறுத்தினேன். பனி, சில்லென்று காற்று, லேசான தூறல். சார் இரண்டு கையையும் விரித்து நின்று மூச்சை இழுத்துவிட்டார். எனக்கே பெருமையாக இருந்தது, ஏதோ நான் ஏற்பாடு செய்த பனி மாதிரி. கௌசல்யா துப்பட்டாவைக் காதைச் சுற்றிக் கட்டிக்கொண்டாள். தியா மட்டும் வண்டியை விட்டு இறங்கவில்லை. வெயில் காய்வதற்காக ஜெர்மனியிலிருந்து இத்தனை மணி நேரம் பறந்து வந்த குழந்தை அது.

"அப்பா, இதே குளிர் நம்ம வீட்டு பால்கனியிலயே இருக்கே."

இரண்டு இலை

சார் அன்றைக்கு ஒரு காரியம் செய்தார். தளியில் எடுத்த போட்டோவைக் கைப்பழக்கத்தில் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டார். அதோடு திட்டம் செத்தது. தளி வரைக்கும் போக நேரம் இருக்கிறது, எங்கள் வீட்டுக்கு வர இல்லையா என்று வரிசையாகப் போன். அடுத்த நாட்களில் கெலவரப்பள்ளி அணை போனது, ஒகேனக்கல் போனது. போனது என்றால் திட்டத்திலிருந்து போனது.

சூளகிரியில் சாருக்கு இரண்டு அத்தைகள், ஒரே தெருவில் எதிரெதிர் வீடு. பெரியத்தை வீட்டில் மதியச் சாப்பாடு. டிரைவரம்மாவுக்கும் இலை போடு என்றார்கள், நானும் ஒரு கட்டு கட்டினேன். கையைத் துடைத்துக்கொண்டு தெருவைக் கடந்தால் சின்னத்தை வீட்டில் அதே சாப்பாடு, வடை மட்டும் கூடுதல். அவர்கள் வீட்டில் எல்லாரும் தெலுங்கு. சார் தெலுங்கில் கெஞ்சினார், கௌசல்யா தமிழில் கெஞ்சினாள், தியா கண்ணாலேயே கெஞ்சினாள். எதிர்வீட்டில் என்ன குழம்பு, எத்தனை கூட்டு என்று விசாரித்துவிட்டுச் சின்னத்தை இன்னும் ஒரு கரண்டி நெய் விட்டார். நான் வண்டியிலேயே இருக்கிறேன் என்று நழுவப் பார்த்தேன். என்னைக் கையைப் பிடித்து உட்காரவைத்து, எனக்காகத் தமிழுக்கு மாறினார்.

"அது அக்கா வூட்டுப் பசிக்குத் தின்னது. எங்க வூட்டுப் பசிக்கு இப்பத்தான் எல போட்டிருக்குது, ஒக்காரு."

கல்லுதான் இருக்கு

ஜெர்மனி திரும்புவதற்கு முதல் நாள்தான் கிருஷ்ணகிரி வாய்த்தது. கௌசல்யாவின் அப்பா அம்மா மகனோடு கோயம்புத்தூருக்குப் போய்விட்டதால், தாய்வீடு என்றால் இப்போது சாரதா சின்னம்மாவின் வீடுதான். பழையபேட்டையில், மலைக்கு நேர் கீழே. தெருவில் நின்று தலையைத் தூக்கினால் கோட்டைச் சுவர் தெரியும். கௌசல்யா அன்றைக்குக் காலையிலேயே ஷூ போட்டுக்கொண்டு வந்திருந்தாள். வாசலில் அதைக் கழற்றியவள்தான், சாயங்காலம் வரைக்கும் போட முடியவில்லை.

சின்னம்மா கெட்டவர் இல்லை. பாசம் அதிகம், அதுதான் கஷ்டம். காலையில் டிபன் சாப்பிடாமல் ஏறக்கூடாது. டிபன் சாப்பிட்ட பிறகு வெயில் ஏறிவிட்டது. மதியம் உச்சிவேளை, வயசுக்கு வந்த பெண்கள் மலைப்பக்கம் போகக்கூடாது. மூன்று மணிக்கு மழை வரும் போலிருந்தது. நாலு மணிக்கு மழை வராமல் பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்தார்கள். ஐந்து மணிக்குக் கௌசல்யா எழுந்து, ஒரு மணி நேரம் போய்விட்டு வருகிறேனே என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள். சின்னம்மா மாம்பழக்கூழ் டப்பாவை அவள் பைக்குள் திணித்துக்கொண்டே தலையைக்கூட நிமிர்த்தாமல் பதில் சொன்னார்.

"அந்த மலையில என்னடி இருக்குது? கல்லுதான் இருக்குது."

கதவைப் பூட்டிட்டு வரேன்

ஓசூர் திரும்புகிற வழியில் கௌசல்யா ஜன்னல் பக்கம் திரும்பி அழுதாள். அடுத்த லீவில் பார்த்துக்கொள்ளலாம் என்றார் சார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. டிரைவரின் வேலை ஓட்டுவது மட்டும்தான், தெரியும். ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை. விமானம் மதியம்தானே, பெட்டிகளை இப்போதே வண்டி மேலே கட்டிவிடலாம், விடிவதற்குள் கிருஷ்ணகிரி போய் ஏறி இறங்கிவிட்டால் அப்படியே ஏர்போர்ட்டில் கொண்டுபோய் விடுகிறேன், எட்டு மணிக்கு மேல் ஒரு நிமிடம் நிற்க மாட்டேன் என்றேன். பெங்களூருக்குப் போக வேண்டியவர்களை நேர் எதிர்த் திசையில் கூட்டிப்போகிற டிரைவர் தமிழ்நாட்டிலேயே நான் ஒருத்திதான் இருப்பேன். சார் மனைவியைப் பார்த்தார், சரி என்றார். இந்த முறை குரூப்பில் எதுவும் போடவில்லை.

சின்னம்மா வீட்டைத் தாண்டித்தான் படிக்கட்டுக்குப் போக வேண்டும். விளக்கைக்கூட அணைத்துவிட்டு ஊர்ந்து போனேன். அவர் வாசலில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். பக்கெட்டை வைத்துவிட்டு நேராக வண்டிக்கு வந்து கண்ணாடியைத் தட்டினார். போச்சு, இட்லி ஊற்றிவிடுவார் என்று நினைத்துக்கொண்டேன். முரளி சார் ஏதோ மறதியாக வைத்துவிட்டதை எடுக்க வந்ததாகப் பொய் சொல்ல ஆரம்பித்தார். கௌசல்யா அவரை நிறுத்தினாள். கதவைத் திறந்து இறங்கி, சின்னம்மா, நான் மலை ஏறணும், சின்ன வயசிலிருந்தே ஆசை, நீங்க திட்டினாலும் ஏறத்தான் போறேன் என்று ஒரே மூச்சில் சொன்னாள். இத்தனை நாளில் அவள் யாரையும் எதிர்த்துப் பேசி நான் கேட்டதில்லை.

சின்னம்மா மலையைப் பார்த்தார். கௌசல்யாவைப் பார்த்தார். இரு, கதவைப் பூட்டிட்டு வரேன் என்று உள்ளே போனார். வரும்போது காலில் தன் மகனுடைய கான்வாஸ் ஷூ, புடவைக் கொசுவம் இடுப்பில் செருகியிருந்தது.

வண்டி மேலே நாலு பெட்டி கட்டியிருந்ததால் நான் வண்டியோடு நின்றேன். சின்னம்மாவுக்கு அறுபது வயது, முட்டிவலி வேறு, எப்படியும் பாதியில் உட்கார்ந்துவிடுவார், விமானம் போய்விடும், பழி என் தலையில் விழும் என்று கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏழேமுக்காலுக்கு முதலில் இறங்கி வந்தவர் சின்னம்மா. அடுத்து தியா, கௌசல்யா. முரளி சார் கடைசியில், ஒவ்வொரு படியிலும் நின்று நின்று வந்தார். கௌசல்யாவின் முகத்தை நான் அப்படிப் பார்த்ததில்லை. வேர்த்து ஒழுகி, கண்ணெல்லாம் சிவந்து, சிரித்துக்கொண்டே இருந்தாள். விமானத்தை அவர்கள் பிடித்துவிட்டார்கள். எப்படிப் பிடித்தோம் என்பதைப் போக்குவரத்துப் போலீஸும் படிக்கக்கூடும் என்பதால் விளக்கப்போவதில்லை.

நாங்கள் கிளம்புவதற்கு முன், சின்னம்மா கடைசிப் படியில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினார். மேலேயிருந்து பார்த்தால் தன் வீட்டு மொட்டை மாடி தெரிந்ததாம், தண்ணித்தொட்டி மூடி திறந்து கிடந்ததாம், அதை முதலில் போய் மூட வேண்டுமென்றார். கௌசல்யா பக்கத்தில் உட்கார்ந்து, இத்தனை வருடம் ஏன் சின்னம்மா நீங்கள் ஏறவே இல்லை என்று கேட்டாள்.

"கல்யாணமாகி வந்ததுலேர்ந்து இதுக்கு அடியிலதான்டி சோறாக்குறேன். வான்னு ஒருத்தரும் கூப்பிடல."

ஊரைச் சுற்றிக் காட்டுகிறோம் என்று வண்டியின் பின்னால் பெரிதாக எழுதி வைத்திருக்கிறேன். ஆனால் அந்த மலைமேல் என்ன இருக்கிறது என்று யாராவது கேட்டால், அடிவாரத்தில் வண்டி நிறுத்த நல்ல வேப்பமர நிழல் இருக்கிறது என்று மட்டும்தான் என்னால் இன்றைக்கும் சொல்ல முடியும்.