வேலி பேட்டரியில் மீன் பார்த்தவர்

என் கணவருக்கு மீன் பிடிக்கத் தெரியாது. மில் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நாள் முதல், தூண்டிலும் கையுமாகக் கண்மாய் கண்மாயாக உட்கார்ந்துவிட்டு, வரும் வழியில் ராஜபாளையம் மார்க்கெட்டில் மீன் வாங்கிக்கொண்டு வருவார். ஐஸ் ஒட்டியிருக்கும் மீனைக் காட்டி, "இப்பத்தான் பிடிச்சேன்" என்பார். நானும் நம்பியது மாதிரியே குழம்பு வைப்பேன்.

இந்த லட்சணத்தில், மஸ்கட்டில் இருக்கும் என் தம்பி மீன் காட்டும் கருவி ஒன்றை அவருக்கு அனுப்பிவைத்தான். டிபன் டப்பா அளவில் ஒரு திரை. வயரில் தொங்கும் குமிழைத் தண்ணீருக்குள் விட்டால், அடியில் மீன் எங்கே நிற்கிறது என்று திரையில் தெரியுமாம். பன்னிரண்டு வோல்ட் பேட்டரி மட்டும் நாமே பார்த்துக்கொள்ள வேண்டும்.

அன்றோடு வீட்டிலிருந்த பேட்டரிகளின் நிம்மதி போயிற்று. முதலில் இன்வெர்ட்டர் பேட்டரியில் கை வைத்தார். வாசல்வரை தூக்கியதற்கே இடுப்பு பிடித்துக்கொண்டு படுத்துவிட்டார். நல்லவேளை, அதையும் தூக்கிக்கொண்டு, கண்மாயில் மிதக்க அவர் வைத்திருக்கும் லாரி டியூபில் ஏறியிருந்தால் மீன்களை நேரிலேயே போய்ப் பார்த்திருப்பார். அடுத்தது என் ஸ்கூட்டர் பேட்டரி. நான் பேங்குக்குக் கிளம்பி, வெயிலில் உதை உதை என்று உதைத்து, கால் வலித்த பிறகுதான் சீட்டைத் தூக்கிப் பார்த்தேன்; உள்ளே காலி. அதை நான் பிடுங்கி ஸ்கூட்டரில் மாட்டியதும் மருந்தடிக்கும் ஸ்பிரேயரின் பழைய பேட்டரியை எடுத்தார். திரை ஒருமுறை கண் விழித்துவிட்டு மறுபடி தூங்கிவிட்டது. பேட்டரிக் கடைக்காரர் கைக்கடக்கமான லித்தியம் பேட்டரி ஒன்றை எடுத்து நீட்டினார். விலையைக் கேட்டதும் இவர், "வீட்ல அம்புட்டு பேட்டரி கெடக்கு, இதுக்குப் போயி..." என்று திரும்பி வந்துவிட்டார்.

கடைசியில் அவர் கண் என் வேலி பேட்டரியில் விழுந்தது.

செண்பகத்தோப்பில் மலையை ஒட்டி, அவருக்கும் அவர் அண்ணனுக்கும் பொதுவாக ஒரு துண்டு நிலம் உண்டு. அதில் நான் சீனிக்கிழங்கு என்கிற சர்க்கரைவள்ளி போட்டிருந்தேன். "பன்னி வார எடத்துல கிழங்கா? தென்னைய வைங்க" என்று அண்ணன் குறுக்கே நின்றார். ஒரே ஒரு வெள்ளாமை பார்க்கிறேன், கிழங்கு வீடு வந்து சேராவிட்டால் இனி நிலத்துப் பக்கமே வரமாட்டேன் என்று நானும் வாயை விட்டிருந்தேன். சோலார் வேலி போட்டேன். பகல் வெயிலில் பேட்டரி சார்ஜ் ஏறும். ராத்திரி கம்பியைத் தொட்ட பன்றி வீலென்று கத்திக்கொண்டு காட்டுக்குள் ஓடும். கிழங்கு தோண்ட ஆளும் சொல்லியாகிவிட்டது.

"பகல்ல பன்னி டூட்டி பாக்குதாட்டி? காலையில கழத்திட்டுப் போறேன், பொழுதடையுமுன்ன மாட்டிருதேன்" என்றார்.

"கை வச்சியன்னா பொறவு நான் மனுசியா இருக்க மாட்டேன்" என்றேன்.

நான் சோழபுரத்துக்கு என் தங்கை வீட்டு விசேஷத்துக்குப் போன நாளாகப் பார்த்துக் கழற்றிக்கொண்டு போய்விட்டார். சொன்ன வாக்குப்படி பொழுதடையுமுன் மாட்டியும் விட்டார். வேலி பெட்டியில் பச்சை விளக்கு மினுக்கியதாம், திருப்தியாக வீட்டுக்கு வந்தாராம். ஆனால் தேவதானம் கண்மாயில் பகல் முழுக்க அந்த பேட்டரியில்தான் மீன் திரையும் ஓடியிருக்கிறது, துரைக்கு வேர்க்காமல் இருக்கக் குட்டி ஃபேனும் ஓடியிருக்கிறது. வேலியின் சோலார் தகட்டை விட்டுப் போனதால் வெயிலிலும் சார்ஜ் ஏறவில்லை. மினுக்கிய விளக்கு எப்போது அணைந்தது என்று பன்றிகளுக்குத்தான் தெரியும்.

மறுநாள் காலையில் நான் போய்ப் பார்த்தால் நிலம் டிராக்டர் ஓட்டியது போல் கிடந்தது. கொடி ஒரு பக்கம், கடித்துப் போட்ட கிழங்கு ஒரு பக்கம். வரப்பில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். அப்போதுதான் இவ்வளவு கதையும் அவர் வாயிலிருந்து வந்தது. என்னைத் தேற்றுகிற நினைப்பில், "திரையில எம்புட்டு மீனு தெரிஞ்சுது தெரியுமா?" என்று வேறு சொன்னார். அதில் ஒன்றுகூட அவர் கைக்கு வரவில்லை.

சேதி கேட்டு அண்ணன் வந்துவிட்டார். "நான் அப்பவே சொன்னேம்லா? பொம்பள போட்ட வெள்ளாமை பன்னிக்குத்தான். வேலியும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். தென்னங்கன்னுக்குச் சொல்லிருதேன்."

நான் கொடுத்த வாக்கு கழுத்தைப் பிடித்தது. என் கணவர் அண்ணன் முன்னால் இருமக்கூட யோசிப்பவர். அவர்தான் வாயைத் திறந்தார்.

"அண்ணே, வேலியில ஒரு கொறையும் இல்ல. பேட்டரிய நாந்தான் கழத்திட்டுப் போனேன். மீனு பாக்க."

அண்ணன் அவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு ஒரு கிழங்கை எடுத்து மண்ணைத் தட்டினார். பன்றி கடித்தது போக மிச்சமே கை நிறைய இருந்தது.

"கிழங்கு நல்லாத்தான் எறங்கியிருக்கு" என்று என் கையில் கொடுத்தார். "அடுத்த வெள்ளாமையும் நீயே போடும்மா. பன்னிய விட்டாலும் விடு, இவன உள்ள விட்டுராத."

எனக்கு என் கணவரைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போல இருந்தது. கையிலிருந்த கிழங்காலேயே அவர் மண்டையில் போட வேண்டும் போலவும் இருந்தது. அண்ணன் நின்றுகொண்டிருந்ததால் இரண்டையும் செய்யவில்லை.