உபயமாக வந்த குரல்

எங்கள் தோட்டத்துக் கோயில் ஒலிபெருக்கி ஒன்றைச் சொன்னால் அதற்கு அப்பீலே கிடையாது. கரங்கான் ஊரைத் தாண்டிச் செம்பனை மரங்களுக்கு நடுவில் கிடக்கிற சின்னத் தோட்டம். யார் வீட்டில் சாவு, எப்போது தண்ணீர் வராது என்பதெல்லாம் வெள்ளிக்கிழமை பூசை முடிந்ததும் அதில்தான் வரும். அன்றைய பிரசாதம் யாருடைய உபயம் என்பதும் வரும். மரங்களுக்குள் நுழைந்து வீடு வந்து சேர்வதற்குள் அந்தச் சத்தம் கரைந்து, யாரோ தூக்கத்தில் பேசுவது போலாகிவிடும்.

ஒரு வெள்ளிக்கிழமை, மூலிகைச் சாறு விற்கிற வெளியூர்ப் பெண் ஒருத்தி கொண்டைக்கடலையோடு தன் சாற்றையும் உபயம் செய்தாள். வழக்கப்படி அம்மன் முன்னால் வைத்து எடுத்து, தீர்த்தம் போல எல்லோர் கையிலும் ஊற்றினார்கள். ஒலிபெருக்கியில் அவள் பெயரோடு சாற்றின் பெயரும் வந்தது. கடையில் வைத்து விற்றிருந்தால் எங்கள் ஆட்கள் நோண்டி நோண்டிக் கேட்டிருப்பார்கள். அம்மனே வாங்கிக்கொண்ட பிறகு யார் வாயைத் திறப்பது?

என் அக்காவும் அன்று கையை நீட்டினாள். அவளுக்கு இனிப்புநீர், சர்க்கரை வியாதி. அத்தான் போய்ச் சேர்ந்துவிட்டார், மகன் ஜொகூரில், வீட்டில் தனி ஆள். அந்தச் சாற்றை வாங்கிக் குடிக்க ஆரம்பித்ததும் மாத்திரையை நிறுத்திவிட்டாள். கால்விரலில் வந்த புண் ஆறாமல் கறுக்க ஆரம்பித்தது. கூலிம் ஃபேக்டரியில் ஷிஃப்ட் முடித்து நேராக அங்கே போய்க் கத்துவேன்.

"அறிவு இருக்கா உனக்கு? கால எடுத்துடுவாங்க லா!"

"நீ வந்தாலே எனக்குப் படபடன்னு வருது. போய்ட்டு வா."

ஒரு மத்தியானம் நல்ல மழை. அக்கா கண்ணயர்ந்திருந்தாள். பக்கத்திலேயே பாயில் படுத்து, அவள் போனில் அந்தச் சாற்றுக்காரப் பெண் அனுப்பியிருந்த குரல் பதிவுகளை ஒவ்வொன்றாகக் கேட்டேன்.

"அம்மா, சாப்பிட்டீங்களா? முட்டி வலின்னீங்களே, நல்லா தூங்கினீங்களா?"

அப்படி ஒரு குரல். கூரையில் மழை, காதில் அவள். எனக்கே கண் சொருகியது. என்னை யாராவது இப்படிக் கேட்டு எவ்வளவு காலமாயிற்று என்று நினைத்து, அதே பதிவை இன்னொரு முறை போட்டேன். சாற்றைக் குடியுங்கள் என்று ஒரு பதிவிலும் இல்லை. சாப்பாடு, தூக்கம், முட்டி. அப்புறம் யாரோ ஒரு அம்மாவுக்குப் புண் ஆறின கதை. அதற்குப் பிறகு, மெதுவாக: "திட்டுறவங்க திட்டட்டும்மா. உங்க ஒடம்பு உங்களுக்குத்தானே தெரியும்?"

திட்டுகிறவள் நான்தான். நான் கத்தக் கத்த, அக்கா அவள் பக்கம் நகர்ந்துகொண்டே இருந்திருக்கிறாள். அடிப்பாவி, என் வாயை வைத்தே அவள் வியாபாரம் நடந்திருக்கிறது!

மறுநாளிலிருந்து நானும் அக்காவுக்குக் குரல் பதிவு அனுப்பினேன். ஃபேக்டரி கேண்டீன் மூலையில் நின்று, எனக்கே பழக்கமில்லாத மெல்லிய குரலில், என்ன சமைத்தாய், மழையில் துணி காய்ந்ததா என்று கேட்டேன். ஆஸ்பத்திரி என்ற பேச்சையே எடுக்கவில்லை. அந்தப் பெண்ணின் வித்தையைத்தானே நானும் செய்கிறேன் என்று உள்ளே உறுத்தியது. உறுத்தட்டும் என்று விட்டுவிட்டேன், அக்காவின் கால் எனக்கு வேண்டும்.

ஒரு நாள் காலையில் அக்காவே போனில் கூப்பிட்டாள்.

"ராத்திரியெல்லாம் காலு எரியுது. நீ வந்தா ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டு வந்துடலாம். அந்தப் பொண்ணுகிட்டயும் சொல்லிட்டேன்."

லீவு சொல்லிவிட்டுக் காடியை எடுத்துக்கொண்டு ஓடி, அவளை அதில் ஏற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். ஒரு விரலை எடுத்ததோடு போயிற்று. கால் தப்பியது. டாக்டர் சொன்னதும் படிக்கட்டில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.

கட்டுப் போட்ட காலைத் தலையணை மேல் வைத்துக்கொண்டு, அக்கா போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் வாடியிருந்தது. வலிக்கிறதோ என்று கேட்டேன்.

"வலியெல்லாம் ஒண்ணுமில்ல. ஆஸ்பத்திரிக்குப் போறேன்னு சொன்னதுலேருந்து அந்தப் பொண்ணு பேசவே இல்ல. பாவம், அதுக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லையோ என்னமோ. நீ ஒரு போன் போட்டு, சாப்பிட்டியான்னு கேளேன்."