கிணறு காட்டியவர்கள்

எலெக்ட்ரானிக் சிட்டியில் என் பிழைப்பு, வெளிநாட்டு ஆராய்ச்சிக் கட்டுரைகளை அச்சுக்குத் தயார் செய்வது. எனக்கு விஞ்ஞானம் தெரியாது, காற்புள்ளி தெரியும். அச்சுக்கு முந்தைய கடைசி புரூஃபில் கட்டுரையாளர் எதைத் திருத்தினாலும் வாயைத் திறக்காமல் அப்படியே போட வேண்டும் என்பது எங்கள் சட்டம். அதைப் பல வருஷம் கட்டிக் காத்த பெருமை எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே உண்டு.

என் குழுவில் புதிதாகச் சேர்ந்த பெண் சந்தாபுராவிலிருந்து வருவாள். பி.காம் படித்தவள். மாலையில் கிளம்பும் முன் ஆபீஸ் ஃபில்டரில் இரண்டு பெரிய பாட்டில் நிறையத் தண்ணீர் பிடித்துக்கொள்வாள். கம்பெனியையே வற்ற வைத்துவிடுவாய் என்று கிண்டல் செய்வேன். சிரித்துக்கொள்வாள். அவளுக்கு வேலை கன்ஃபர்ம் ஆக ஒரு வாரம்தான் பாக்கி.

அந்த வாரம் ஃப்ராக்கிங் பற்றிச் சில பேராசிரியர்கள் எழுதிய ஒரு கட்டுரை வந்தது. பூமிக்கடியில் தண்ணீரையும் ரசாயனத்தையும் அழுத்திச் செலுத்தி, பாறையைப் பிளந்து எரிவாயு எடுக்கும் வேலை அது. அக்கம்பக்கத்துக் கிணறுகளில் தண்ணீர் சுத்தமாகவே இருக்கிறது என்பது முடிவு. கடைசி புரூஃபில் கட்டுரையாளர் ஒரே ஒரு வாக்கியத்தை அடித்திருந்தார்: சோதித்த கிணறுகளைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தது எரிவாயுக் கம்பெனிதான் என்ற வாக்கியம். எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. சரி என்று அவளிடம் அனுப்பச் சொல்லிவிட்டேன்.

அவள் என் மேசைக்கு வந்து, இதை எடுத்தால் கட்டுரையே வேறாகிவிடும் என்றாள். எரிச்சலோடு சட்டத்தைச் சொன்னேன். வேலை கன்ஃபர்ம் ஆக வேண்டாமா என்றும் கேட்டேன்.

"எங்க ஏரியா போர்வெல் தண்ணியில வாடை வந்தப்போ டெஸ்ட் பண்ண வந்தாங்க சார். பக்கத்து ஃபேக்டரிக்காரங்களே கூட்டிட்டுப் போய் ஒரு போரைக் காட்டினாங்க. நல்ல போர். ரிப்போர்ட்டும் நல்லாவே வந்துச்சு."

அவள் போய் உட்கார்ந்து, இந்த வாக்கியம் ஏன் நீக்கப்படுகிறது என்று கட்டுரை வரவிருந்த இதழின் ஆசிரியருக்கே எழுதி அனுப்பிவிட்டாள். கட்டுரை நின்றுபோனது. மேலாளர் கத்தினார். அவளுடைய கன்ஃபர்மேஷன் மூன்று மாதம் தள்ளிப்போனது.

மூன்றாம் நாள் பதில் வந்தது. அந்த வாக்கியம் இருந்தே ஆக வேண்டும், கட்டுரைச் சுருக்கத்திலும் வர வேண்டும் என்று இதழாசிரியர் எழுதியிருந்தார். நான் மலைத்துப்போனேன். எத்தனை பேராசிரியர்கள், எவ்வளவு பெரிய கம்பெனி! எல்லோரும் சேர்ந்து மறைக்கப் பார்த்ததை, ஆபீஸில் தண்ணீர் பிடித்துப் போகிற ஒருத்தி பிடித்து நிறுத்திவிட்டாள்.

அன்று மாலை ஃபில்டர் அருகே போய் அவளிடம் அதைச் சொன்னேன். அவள் குழாயிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அங்க சரி ஆயிடுச்சு சார். எங்க போரை இன்னும் யாரும் டெஸ்ட் பண்ணல."

முதல் பாட்டில் நிறைந்திருந்தது. இரண்டாவதை நான் வாங்கிப் பிடித்தேன்.