விசையை விட்டால்தான் கேட்கும்

என் மேசையில் ஒரு மைக் கிடக்கிறது. கைக்குள் அடங்கும் கறுப்பு மைக். பக்கவாட்டில் ஒரு விசை. சுருள் வயரின் நுனி எதிலும் இணைக்கப்படவில்லை. விசையை அமுக்கினால் நாம் பேசலாம், விட்டால் மறுமுனை பேசுவது கேட்கும். இரண்டும் ஒரே நேரத்தில் நடக்காது. “அமத்தினாக் கேக்காது மச்சான், விட்டாத்தான் கேக்கும்” என்று அத்தான் எனக்குச் சொல்லித் தந்தது இதை வைத்துத்தான்.

அத்தான் என் அக்காவின் கணவர். அரசாங்க அலுவலகமொன்றில் எழுதுவினைஞர். அனுமதி பெற்ற வானொலி ஆர்வலர். சமாதானப் பேச்சு நடந்த காலத்தில் கல்லடி வீட்டுப் பின்னறையிலிருந்து முன்பின் தெரியாதவர்களோடு மணிக்கணக்கில் பேசிக்கொண்டிருப்பார். காத்தான்குடியில் துணிக்கடை வைத்திருந்த, நாங்கள் ‘நானா’ என்று கூப்பிடும் முஸ்லிம் நண்பருக்கும் அதே பைத்தியம். “என்னோட நாலு வார்த்தை பேசோணுமெண்டா நானும் ஒரு ஏரியல் கட்டோணும் போல” என்று அக்கா தேநீரை வைப்பாள். “கடைசியில ‘ஓவர்’ சொல்லிப் பாருங்க தங்கச்சி, அப்பதான் இவரு வாயத் திறப்பாரு” என்பார் பக்கத்தில் இருக்கும் நானா.

நத்தார்ப் பண்டிகைக்கு மறுநாள் காலை கடல் பொங்கி ஊருக்குள் ஏறியபோது, ஏரியலைத் திருத்துவதற்காக அத்தான் வானொலிச் செட்டைக் காரில் ஏற்றிக்கொண்டு பாலத்தைத் தாண்டி நகரத்துக்கு வந்திருந்தார். அவரும் செட்டும் தப்பியது அதனால்தான். வீடு இருந்த இடத்தில் மணல் இருந்தது. அக்காவைக் காணவில்லை.

தொலைபேசிகள் செத்துவிட்டன. அகதிகள் நிரம்பிய பாடசாலையொன்றின் மேல்மாடியில் அத்தானும் நானாவும் கார் பற்றரியோடு செட்டை இணைத்தார்கள். நானா சிறிய செட் ஒன்றையும் மோட்டார் சைக்கிள் பற்றரி ஒன்றையும் எடுத்துக்கொண்டு தோணியில் வாவியைக் கடந்தார்; அக்கரையான படுவான்கரைப் பக்கமும் காயக்காரரைக் கொண்டுபோயிருந்தார்கள். நான் பத்திரிகைக்குக் குறிப்பெடுக்கப் போய், தண்ணீர் கொடுப்பவனாக அங்கேயே நின்றுவிட்டேன்.

எல்லோருக்கும் அலைவரிசை ஒன்றுதான். அதனால் அத்தான் ஒரு ஒழுங்கு வைத்தார்: மருந்து, படகு, வைத்தியர் முதலில், ஆள் விசாரிப்பு பிறகு. படிக்கட்டு நெடுகப் பெயர்களோடு சனங்கள் நின்றார்கள். இரண்டு பிள்ளைகளைத் தேடிய தாயொருத்தி அவர் காலைப் பிடித்தாள். “பிறகு அம்மா, பிறகு” என்றார். அவளுக்குப் பின்னால் நின்ற கிழவர் என்னைக் காட்டி, “இவரிட அக்காவையும்தான் காணல்லையாம், விடு புள்ள” என்று அவளை எழுப்பினார்.

பிற்பகலில் கொழும்புக்கு மருந்துத் தேவையைச் சொல்லிக்கொண்டிருந்தபோது, விசையை விட்ட இடைவெளியில் இரைச்சலுக்குள் நானாவின் குரல் மெலிந்து குறுக்கிட்டது. “இஞ்ச கல்லடிப் பொம்பிளை ஒராள்…”

அத்தானின் பெருவிரல் விசைக்கு மேலே நின்றது. நான் அந்த விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அமுக்கினார். “நானா, ஆள் விசாரிப்பு பிறகு. மருந்து போகுது. நில்லுங்க. ஓவர்.” விட்டபோது இரைச்சல் மட்டும் இருந்தது. மருந்து விவரத்தைத் தடுமாறாமல் சொல்லி முடித்தார். அதன்பின் நானாவைக் கூப்பிட்டார். கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். பதில் இல்லை.

“கல்லடியில எத்தனை பொம்பிளையள்” என்றார், என்னைப் பார்க்காமல்.

மறுநாள் காலை நானா நனைந்த சாரத்தோடு படியேறி வந்தார்.

“நான் பேரைச் சொன்னனே. நீங்க ‘நில்லுங்க’ எண்டு சொல்லக்குள்ள சொல்லிக்கிட்டுத்தான் இருந்தன். அதோட பற்றரி செத்துப்போச்சி. வாறதுக்கு விடியுமட்டும் தோணியும் கிடைக்கல்ல.”

“உசிரோடயா இருந்தா?” என்றார் அத்தான்.

“ஓம். கதைச்சா. ‘அவரு செட்டிலதான் இருப்பாரு, வரச் சொல்லுங்க நானா’ எண்டா. விடியிறதுக்கு முன்ன முடிஞ்சிது.”

பாடசாலையிலிருந்து தோணியில் போனால் ஒரு மணித்தியாலமும் ஆகாது.

அத்தான் கேட்டுவைத்த மருந்து வந்து சேர்ந்தது. அதனால் பிழைத்தவர்களை நான் கண்டிருக்கிறேன். அவரிடம் அதைச் சொல்லவும் செய்தேன். “தெரியும்” என்றார். அக்காவை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்றே மீண்டும் செட்டுக்கு முன்னால் இருந்தார். ஆனால் மைக்கை நானாவிடம் கொடுத்துவிட்டார். காலைப் பிடித்த தாய் திரும்ப வந்தபோது அவளைக் கதிரையில் இருத்தி, பிள்ளைகளின் பெயர்களைக் கேட்டு, “இதை இப்பவே அனுப்புங்க நானா” என்றார். எந்த ஊரிலிருந்தும் அந்தப் பெயர்களுக்குப் பதில் வரவில்லை.

சண்டை மறுபடி தொடங்கியதும் செட்டுகளை ஒப்படைக்கச் சொன்னார்கள். போர் முடிந்து வெகுநாளுக்குப் பிறகு அவருடையது திரும்பக் கிடைத்தது. அதற்குள் மீன் விற்பவரின் சட்டைப் பையிலும் கைத்தொலைபேசி இருந்தது. அத்தான் செட்டைத் துடைத்து, ஏரியல் கட்டி, மைக்கை மட்டும் கழற்றி என்னிடம் தந்தார். “எனக்கு இனிக் கேட்டாப் போதும் மச்சான்.”

சாகும்வரை கேட்டுக்கொண்டுதான் இருந்தார். யார் கூப்பிட்டாலும் பதில் சொல்லவில்லை. நானாவின் குரல் வந்தால் மட்டும் ஒலியைக் கூட்டுவார். நானாவும் அது தெரிந்து, பதிலை எதிர்பாராமல் கடைக்கதை, ஊர்க்கதை எல்லாம் சொல்லி முடித்து ‘ஓவர்’ என்பார்.

எழுதும்போது என் கை சில வேளை இந்த மைக்குக்குப் போகிறது. விசையில் அவருடைய பெருவிரல் தேய்த்த பள்ளம் இருக்கிறது. அமுக்குகிறேன். உடனே விட்டுவிடுகிறேன்.